மெல்லும் பிசினும் உடல்நலமும்

மரப்பிசினை வாயிலிட்டு மெல்லும் வழக்கம் மிகப் பழையது. டென்மார்க்கின் லோலன் தீவில், சில்ட்ஹோம் என்ற இடத்து அகழாய்வில் கிடைத்த கருநிறக் கட்டி ஒன்று ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன்பு மெல்லப்பட்டது. பிர்ச் மரப்பட்டையைச் சூடாக்கி எடுக்கும் கீல் அது. அதில் தங்கியிருந்த தடயங்களிலிருந்து மென்றவரின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து 2019இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மென்றவர் ஒரு பெண். கருத்த தோலும் கருங்கூந்தலும் நீல விழிகளும் உடையவராக இருந்திருக்க வேண்டும். அவர் அண்மையில் உண்ட வாத்தின், ஹேசல் கொட்டையின் மரபணுத் துணுக்குகளும் கட்டிக்குள் இருந்தன. ஈறுநோயோடு தொடர்புடைய பாக்டீரியாவும் இருந்தது. இறுகிய கீலை இளக்கி, கற்கருவியைப் பிடியோடு ஒட்டுவதற்காக அவர் அதை மென்றிருக்கலாம். பல்வலி தணிவதற்காகவும் இருக்கலாம். வாயின் நலத்தையும் மெல்லும் பிசினையும் சேர்த்துப் பேச, கையில் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று.

மருந்தாகவே மெல்லப்பட்ட பிசினுக்குத் தெளிவான வரலாறு ஏஜியன் கடலின் கியோஸ் தீவில் கிடைக்கிறது. அந்தத் தீவின் தென்பகுதியில் குறுமரம் ஒன்றின் பட்டையைக் கீறினால் கண்ணீர்த் துளி போலப் பிசின் வடியும். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதேஸ் இதன் மருத்துவப் பயன்களை எழுதிவைத்தார். உதுமானியர் ஆட்சியில் இந்தப் பிசின் அரண்மனைப் பொருளாகவே மதிக்கப்பட்டது. தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என்று கேட்டால் நிறுத்துக் கொடுப்பது இதைத்தான். ‘ரூமி’ என்ற அடைமொழியே அது வந்த திசையைச் சொல்லும். வாய் நாற்றம், ஈறு, வயிறு என்று இதற்குச் சொல்லப்பட்ட பயன்கள்தாம் பிற்காலத்தில் அமெரிக்கச் சூயிங் கம் விளம்பரங்களிலும் இடம்பெற்றன.

இன்றைய சூயிங் கம்மின் நேரடி முன்னோர் இருப்பது மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்திலும் அதை ஒட்டிய குவாத்தமாலா, பெலீஸ் காடுகளிலும். மரம் வேறொன்றுமில்லை, தமிழர் வீட்டுத் தோட்டத்துச் சப்போட்டாதான். சீமை இலுப்பை என்றும் அதற்குப் பெயருண்டு. முற்றாத காயைப் பறித்தால் காம்பில் வெள்ளைப் பால் துளிர்த்து விரலில் ஒட்டும். பழுக்காததைக் கடித்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பால் மரப்பட்டையில் மிகுதியாகச் சுரக்கும். அதைக் காய்ச்சி இறுக்கினால் கிடைப்பது சிக்கிள். மாயா மக்களும் அஸ்டெக் மக்களும் இதை மென்றார்கள். 16ஆம் நூற்றாண்டில் அஸ்டெக் வாழ்வைப் பதிவுசெய்த பிரான்சிஸ்கன் துறவி சகாகுன், மெல்லுவதற்கு அந்தச் சமூகத்தில் இருந்த கட்டுப்பாடுகளையும் எழுதினார். மணமாகாத பெண்கள் பொது இடத்தில் மெல்லலாம். மணமானவர்களும் கைம்பெண்களும் வீட்டுக்குள் மட்டும் மெல்லலாம். ஆண்கள் மறைவாக மெல்ல வேண்டும். வாய் நாற்றத்தைப் போக்கவே பெண்கள் மென்றார்கள் என்பதும் அவர் குறிப்பில் உள்ளது.

வட அமெரிக்காவின் பூர்வகுடிகள் ஸ்ப்ரூஸ் மரப்பிசினை மென்றார்கள். அவர்களிடமிருந்து குடியேறிகள் கற்றுக்கொண்ட அந்த வழக்கத்தை, மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் கர்ட்டிஸ் 1848இல் வணிகமாக்கினார். பிசினைக் காய்ச்சி, வடிகட்டி, துண்டு போட்டு விற்றார். அதன் பின் பாரஃபின் மெழுகில் செய்த கம் வந்தது. 1869 டிசம்பர் 28 அன்று ஒகையோவின் வில்லியம் செம்பிள் பெற்ற காப்புரிமை, இந்த வரலாற்றில் தனிக் கவனத்துக்கு உரியது. ரப்பரோடு சுண்ணக்கட்டிப் பொடி, அதிமதுர வேர்ப் பொடி, கரிப்பொடி போன்றவற்றைக் கலந்து மெல்லச் செய்தால் பல் துலங்கும், தாடைக்கும் பயிற்சி கிடைக்கும் என்பது அவர் எண்ணம். அதாவது, சூயிங் கம்முக்குக் கிடைத்த மிகப் பழைய காப்புரிமைகளில் ஒன்று தின்பண்டமாக அல்லாமல் பல்பொடியாக எழுதப்பட்டது.

சிக்கிளை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தது அரசியல். மெக்சிகோவின் குடியரசுத் தலைவராகப் பலமுறை இருந்து நாடு கடத்தப்பட்ட சாந்தா அன்னா 1860களில் ஸ்டேட்டன் தீவில் தங்கினார். சிக்கிளை ரப்பருக்கு மாற்றாக விற்றால் பணம் பார்க்கலாம் என்று கருதிய அவர், தாமஸ் ஆடம்ஸ் என்பவரிடம் அதைக் கொடுத்தார். சக்கரத்துக்கும் பொம்மைக்கும் காலணிக்கும் ஆடம்ஸ் முயன்று பார்த்தார். எதற்கும் அது உதவவில்லை. மெல்லுவதற்கு மட்டும் பாரஃபினைவிட நன்றாக இருந்தது. 1871இல் கம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, மருந்துக் கடைகள் வழியாக விற்கத் தொடங்கினார்.

அமெரிக்கர்கள் மெல்ல மெல்ல, யுகடான் காடுகளில் சிக்கிள் இறக்கும் தொழில் பெருகியது. அந்தத் தொழிலாளர்களுக்குச் சிக்லேரோ என்று பெயர். கயிற்றை இடுப்பிலும் மரத்திலும் சுற்றிக்கொண்டு, மச்சேத்தே என்ற நீள வெட்டுக்கத்தியால் அடியிலிருந்து மேல்நோக்கிக் கோணல்மாணலாகப் பட்டையைக் கீறிக்கொண்டே ஏறுவார்கள். ஒவ்வொரு கீறலின் பாலும் அடுத்த கீறலில் விழுந்து, வழிந்து, அடியில் கட்டிய பையில் சேரும். பிறகு அகன்ற கொப்பரையில் கிளறிக் கிளறிக் காய்ச்சி, மர அச்சில் ஊற்றிக் கட்டியாக்குவார்கள். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரம் பட்டுப்போகும். கயிற்றிலேயே பட்டுவிட்டால் ஏறியவர் கதை முடிந்தது. ஒருமுறை கீறிய மரத்தைச் சில ஆண்டுகள் ஆறவிட வேண்டும். விலை ஏறிய காலங்களில் அந்தப் பொறுமையை வணிகர்கள் அனுமதிக்கவில்லை.

பால் நன்றாக ஓடுவது மழைக்காலத்தில்தான். காட்டில் மணல் ஈக்கள் பெருகுவதும் அப்போதுதான். இந்த ஈக்கள் கடித்தால் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி உடலில் புகும். வட இந்தியாவில் காலா அசார் நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்கு உறவானது இது. காட்டு எலிகளிடம் இயல்பாக வாழும் இந்த ஒட்டுண்ணி, மாதக்கணக்கில் காட்டுக்குள் கூடாரமிட்டுத் தங்கிய மனிதருக்குத் தொற்றியது. பெரும்பாலும் காது மடலில் புண் தோன்றும். உடலின் வேறிடத்தில் வந்த புண் சில மாதங்களில் தானே ஆறிவிடும். காதுக் குருத்தெலும்பில் வந்தது ஆறாது. வலி அதிகம் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் காதை அரித்துத் தின்றுவிடும். மெரிதா நகரில் பணியாற்றிய ஹரால்ட் சைடலின் 1912இல் இதை மருத்துவ உலகுக்கு விவரித்தார். சிக்லேரோ புண் என்ற பெயரிலேயே இன்றும் மருத்துவ நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. சூயிங் கம்மின் உடல்நலப் பாதிப்பு என்றவுடன் மெல்லுபவரின் பல்லும் வயிறும் மட்டுமே பேசப்படுகின்றன. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அதற்குப் பெரிய விலை கொடுத்தவர்கள் காது மடலை இழந்த இந்தத் தொழிலாளர்கள். சூயிங் கம் வரலாறுகள் அவர்களை ஒரு வரியில் கடந்துபோவது நியாயமல்ல.

நகரங்களிலோ, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி மருந்து என்ற பெயரில் கம் விற்ற காலம். லூயிவில் நகர மருந்தாளுநர் ஜான் கோல்கன், இருமல் மருந்தில் சேரும் டோலு பிசினால் கம்முக்கு மணமூட்டினார். ஒகையோ மருத்துவர் எட்வர்ட் பீமன், பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சினைக் கம்மில் கலந்து, செரிமானத்துக்கு நல்லது என்று விற்றார். அது அமோகமாக விற்றது. பெப்சின் புரதத்தைச் செரிக்கும் நொதி என்பது உண்மை. ஆனால் அது வேலைசெய்யக் கடும் அமிலம் வேண்டும். வாயின் உமிழ்நீரில் அது சும்மா கிடக்கும். நலமான இரைப்பையோ தனக்கு வேண்டிய பெப்சினைத் தானே சுரந்துகொள்கிறது. 1899இல் நியூயார்க் மருந்தாளுநர் பிராங்க்ளின் கேனிங் ‘டென்டைன்’ என்ற கம்மைப் பல் நலத்துக்கென்றே கொண்டுவந்தார். அதே ஆண்டில் ஆடம்ஸ், பீமன் முதலியோரின் நிறுவனங்கள் இணைந்து அமெரிக்கன் சிக்கிள் கம்பெனி உருவானது.

சிகாகோவில் சோப்பும் பேக்கிங் பவுடரும் விற்றுக்கொண்டிருந்த வில்லியம் ரிக்லி, இலவசமாகக் கொடுத்த கம்முக்கே கிராக்கி அதிகம் என்று கண்டு 1892 முதல் கம் விற்பனையில் இறங்கினார். ஜூசி ஃப்ரூட், ஸ்பியர்மின்ட் இரண்டும் 1893இல் வந்தன. 1915இல் அமெரிக்கத் தொலைபேசிப் புத்தகத்தில் முகவரி உள்ள எல்லோருக்கும் அஞ்சலில் மாதிரித் துண்டுகளை அனுப்பினார். சாப்பாட்டுக்குப் பின் மென்றால் செரிக்கும், நரம்பு தணியும், பல் சுத்தமாகும் என்பது விளம்பரங்களின் பல்லவி. இவற்றுக்குச் சோதனைச் சான்று எதுவும் அப்போது இல்லை.

சோதனை என்ற பெயரில் முதலில் வந்ததும் தொழில்துறையின் பணத்தில்தான். கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர் ஹாரி ஹாலிங்வொர்த் 1939இல் வெளியிட்ட ஆய்வு, மெல்லும்போது உடலின் இறுக்கமும் அமைதியின்மையும் குறைகின்றன என்றது. அந்த ஆய்வுக்குக் கம் தயாரிப்பு நிறுவனம் ஒன்று பொருளுதவி செய்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரரின் உணவுப் பொட்டலங்களில் கம் இடம்பெற்று, அவர்கள் போன நாடெல்லாம் பரவியது. மெல்லுவதால் நினைவாற்றல் கூடும் என்ற முடிவு 2002இல் பிரிட்டனிலிருந்து வந்து உலகச் செய்தியானது. பிறகு மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அதே முடிவு உறுதியாகக் கிடைக்கவில்லை. தேர்வு அறைக்குக் கம்மோடு போகும் மாணவருக்கு அதனால் மதிப்பெண் கூடும் என்று சொல்ல ஆதாரம் போதாது.

உண்மையான கேள்வி பல்லில் இருந்தது. பழைய கம் துண்டில் பாதிக்கு மேல் சர்க்கரை. பற்களில் படியும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் வெளியிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கிறது. குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களில் பற்படலத்தின் அமிலத்தன்மை சட்டென்று ஏறுவதையும், பழைய நிலைக்குத் திரும்ப நெடுநேரம் ஆவதையும் 1940களில் ராபர்ட் ஸ்டீபன் அளந்து காட்டினார். அமிலம் ஏறிப் பிஹெச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது.

இதற்கு மறுக்க முடியாத மனிதச் சான்று ஸ்வீடனில் லுண்ட் நகருக்கு அருகே வீபெஹோல்ம் காப்பகத்தில் கிடைத்தது. கிடைத்த விதம் வெட்கத்துக்குரியது. அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் தங்கியிருந்த அந்தக் காப்பகத்தில், 1940களின் பிற்பகுதியில், அவர்களில் சிலருக்கு நாள்தோறும் 24 வரை பல்லில் ஒட்டும் டாஃபிகள் கொடுக்கப்பட்டன. யாரும் அவர்களின் ஒப்புதலைக் கேட்கவில்லை; பலருடைய பற்கள் பாழாயின. சாப்பாட்டோடு சேர்த்து உண்ட சர்க்கரையைவிட, இடைவேளைகளில் பல்லில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் சர்க்கரையே கேடு என்பது அதன் முடிவு. உலகெங்கும் பல் மருத்துவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரையின் அடியில் அந்த மனிதர்களின் வலி இருக்கிறது.

சர்க்கரை இல்லாத கம் 1950களிலும் 60களிலும் கடைகளுக்கு வந்தது. ஆனால் பெரிய திருப்பம் பின்லாந்தில் நிகழ்ந்தது. சைலிட்டால் என்ற இனிப்பை 1890களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் எமில் ஃபிஷரும் பிரான்சில் பெர்த்ராந்தும் தனித்தனியே கண்டறிந்திருந்தார்கள். சுவையில் சர்க்கரையை ஒத்தது. வாயில் வைத்தால் குளிரும். பல் சொத்தைப் பாக்டீரியாக்களால் இதை அமிலமாக மாற்ற முடிவதில்லை. பின்லாந்தில் பிர்ச் மரக்கூழிலிருந்து இதைப் பெருமளவில் எடுக்கத் தெரிந்தபோது, துர்க்கு பல்கலைக்கழகத்தில் ஆர்யே ஷைனினும் கௌகோ மாக்கினெனும் 1972இல் ஒரு நெடுஞ்சோதனையைத் தொடங்கினார்கள். 125 பேர், மூன்று குழுக்கள், இரண்டு ஆண்டுகள். ஒரு குழு வழக்கமான சர்க்கரையையும் மற்றொன்று ஃபிரக்டோஸையும் மூன்றாவது சைலிட்டாலையும் உணவில் சேர்த்துக்கொண்டன. முடிவில் சர்க்கரைக் குழுவில் சொத்தை கண்ட பற்பரப்புகள் சராசரியாக 7.2, ஃபிரக்டோஸ் குழுவில் 3.8, சைலிட்டால் குழுவில் ஏறத்தாழ சுழியம்.

இதோடு 102 பேரிடம் ஓராண்டு நடத்திய கம் சோதனையிலும் சைலிட்டால் கம் மென்றவர்கள் சர்க்கரைக் கம் மென்றவர்களைவிடப் பன்மடங்கு நன்றாக இருந்தார்கள். நாள் முழுவதும் சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் உண்பது வீட்டில் நடக்காத காரியம். நாலைந்து துண்டு கம் மெல்லுவது எவராலும் முடியும். ஆய்வாளர்களுக்கு வழி காட்டியது இந்த எளிமைதான். 1975இலேயே பின்லாந்தில் சைலிட்டால் கம் கடைக்கு வந்துவிட்டது.

சிக்கிள் நாடான பெலீஸில் 1989 முதல் 1993 வரை 40 மாதங்கள் நடந்த சோதனை இன்னும் பெரிது. பத்து வயதை ஒட்டிய 1,277 பள்ளிப் பிள்ளைகள் அதில் பங்கேற்றார்கள். பல் மருத்துவ வசதி குறைவான, இனிப்பு மிகுதியாக உண்ணும் சூழல் அது. சைலிட்டால் கம் மென்ற குழுக்களில் சொத்தை மிகக் குறைந்தது. சார்பிட்டால் என்ற வேறோர் இனிப்பு சேர்த்த கம் அதற்கடுத்த நிலையில் பயன் தந்தது. சர்க்கரைக் கம் மென்றவர்களிடம் சொத்தை சற்றே கூடியது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பயன் சைலிட்டாலால் வந்ததா, மெல்லுவதால் வந்ததா? எதையும் மெல்லாமல் இருக்கும்போது உமிழ்நீர் நிமிடத்துக்கு 0.3 அல்லது 0.4 மில்லிலிட்டர் அளவில் ஊறும். கம் மெல்லத் தொடங்கியதும் அது பத்து மடங்கு வரை பெருகும். அப்படிப் பெருகிய உமிழ்நீரில் பைகார்பனேட் அதிகம். அது பற்படலத்தின் அமிலத்தை முறிக்கும். அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த எனாமலில் மீண்டும் படியும். சாப்பிட்ட பின் 20 நிமிடம் மெல்லச் சொல்வது இதனால்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் சர்க்கரையில்லாக் கம்முக்கு இந்தப் பயன் உண்டு என்று ஏற்றது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2007இல் முதன்முறையாகச் சில கம்களுக்குத் தன் முத்திரையைக் கொடுத்தது. சைலிட்டாலுக்கெனத் தனிச் சிறப்பு எவ்வளவு என்பதில் வழக்கு தீரவில்லை. 2015இல் காக்ரேன் அமைப்பு எல்லாச் சோதனைகளையும் திரட்டிப் பார்த்து, சைலிட்டால் கம் பற்றிய சான்று உறுதியான முடிவுக்குப் போதாது என்றது. ஆகவே, பலத்த ஆதாரத்தோடு நிற்பது உமிழ்நீர். விளம்பரம் அதற்கு விலை கேட்க முடியாது. அது ஒவ்வொருவர் வாயிலும் இலவசமாக ஊறுவது.

பின்லாந்து ஆய்வுகள் மெல்லுபவரின் பல்லோடு நிற்கவில்லை. பல் சொத்தைப் பாக்டீரியா பெரும்பாலும் தாயின் எச்சில் வழியே குழந்தையைச் சேர்கிறது. தாய் ருசி பார்த்த கரண்டியால் ஊட்டும்போது அது இடம்பெயர்கிறது. ஏவா சோடர்லிங் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், சைலிட்டால் கம் மென்ற தாய்மாரின் குழந்தைகளில் இரண்டு வயதில் 9.7 விழுக்காட்டினரிடமே அந்தப் பாக்டீரியா இருந்தது. தாய்க்கு ஃபுளூரைடு பூசிய குழுவில் 48.5 விழுக்காடு. ஔலு நகர மருத்துவர்கள் 1996இல், பகல்நேரக் காப்பகக் குழந்தைகள் 306 பேரிடம் நடத்திய சோதனையில், சைலிட்டால் கம் மென்றவர்களில் நடுக்காது அழற்சி வந்தவர்கள் 12.1 விழுக்காடு, சர்க்கரைக் கம் குழுவில் 20.8 விழுக்காடு என்று கண்டார்கள். ஒரு நாளைக்குப் பல முறை மெல்ல வேண்டியிருந்ததால், காது நோய்க்கு இது எங்கும் பழக்கமாகவில்லை.

மருந்தைச் சுமந்துசெல்லும் வாகனமாகக் கம் வென்றது நிகோடின் விஷயத்தில். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத ஸ்வீடன் கடற்படையினர் வாயில் வைக்கும் புகையிலைப் பொடிக்கு மாறிக்கொள்வதை லுண்ட் பல்கலைக்கழகத்தின் கிளேஸ் லுண்ட்கிரென் கவனித்தார். 1967இல் அவர் அதைத் தன் நண்பர் ஓவெ ஃபெர்னோவுக்கு எழுதினார். ஹெல்சிங்போரி நகர மருந்து நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த ஃபெர்னோ, நிகோடினை அயனிமாற்றுப் பிசினில் பிணைத்து, மெல்லும்போது சிறுகச் சிறுக வெளிவரும் கம்மை உருவாக்கினார். 1978இல் ஸ்விட்சர்லாந்தும் 1984இல் அமெரிக்காவும் இதை அனுமதித்தன. 2009இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. சாதாரணக் கம்மைப் போல விடாமல் மென்றால் இது பயன்படாது. காரம் உறைக்கும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மீண்டும் மெல்ல வேண்டும். அவசரமாக மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலுமே மிஞ்சும். வெற்றிலை பாக்கோடு புகையிலை மெல்லும் பழக்கம் ஊறிய தமிழ்நாட்டிலும் 2 மில்லிகிராம் நிகோடின் கம் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்திருக்கும் நிலையில், மருந்துக் கடையில் இதை எப்படி மெல்ல வேண்டும் என்று இரண்டு வரி சொல்லிக் கொடுப்பது பெரிய உதவி.

நிகோடின் கம்மும் பல் கம்மும் ஒரு நாட்டின் சட்டத்தையே அசைத்திருக்கின்றன. ரயில் கதவுகளின் உணரிகளிலும் அடுக்குமாடி மின்தூக்கிப் பொத்தான்களிலும் கம்மை ஒட்டிவிட்டுப் போகிறார்கள் என்று சிங்கப்பூர் 1992 ஜனவரியில் கம் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தது. மெல்லுவது குற்றமாக்கப்படவில்லை. அமெரிக்காவுடன் வணிக ஒப்பந்தம் கையெழுத்தான பின், 2004இல் உடல்நலப் பயன் உள்ள கம்முக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. மருந்தாளுநரிடமும் பல் மருத்துவரிடமும் பெயர் பதிவுசெய்து வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கம் மீண்டும் அங்கே நுழைந்தது.

அறுவைக் கூடத்திலும் கம்முக்கு இடம் கிடைத்தது. குடல் அறுவைக்குப் பின் குடல் சில நாட்கள் அசையாமல் கிடக்கும். வாயில் எதையாவது மென்றால், உணவு வருகிறது என்று நரம்புகள் குடலை எழுப்பும் என்ற கருத்தில், 2002இல் ஜப்பானிய மருத்துவர்கள் 19 நோயாளிகளிடம் சோதித்தார்கள். கம் மென்றவர்களுக்குக் காற்றுப் பிரிய சராசரியாக 2.1 நாள் ஆனது, மெல்லாதவர்களுக்கு 3.2 நாள். பிறகு நடந்த பல சோதனைகளும் சிறிய அளவில் பயன் உண்டு என்றே காட்டின. செலவில்லாத, ஆபத்து குறைந்த சிகிச்சை இது.

கெடுதல்களும் பதிவாகியிருக்கின்றன. சார்பிட்டால் குடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் நீரை இழுக்கும். பெர்லின் மருத்துவர்கள் 2008இல் இருவரைப் பற்றி எழுதினார்கள். நாளுக்கு 18 முதல் 20 கிராம் சார்பிட்டால் உடலில் சேரும் அளவுக்குக் கம் மென்ற 21 வயதுப் பெண் 11 கிலோ எடை இழந்திருந்தார். கம்மோடு சர்க்கரையில்லா இனிப்புகளையும் தின்ற 46 வயது ஆண் 22 கிலோ இழந்திருந்தார். தீராத வயிற்றுப்போக்குக்குக் காரணம் தேடி எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பிறகே கம் அகப்பட்டது. நிறுத்தியதும் நின்றது. காரணம் தெரியாத வயிற்றுப்போக்கோடு வருபவரிடம் இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்பது நல்லது.

தாடை மூட்டில் ஏற்கெனவே வலி உள்ளவர்களுக்கு நெடுநேரம் மெல்லுவது வலியைக் கூட்டும். இஸ்ரேலில் 2014இல், தலைவலியோடு வந்த கம் மெல்லும் வளரிளம் பருவத்தினர் 30 பேரை ஒரு மாதம் நிறுத்தச் சொன்னபோது, 19 பேருக்குத் தலைவலி முழுதாக நின்றது. மேலும் 7 பேருக்குக் குறைந்தது. ஒப்பிட வேறு குழு இல்லாத சிறு ஆய்வு அது. ஆனாலும் மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கத்தக்க வழி.

விழுங்கிய கம் ஏழு ஆண்டு வயிற்றிலேயே கிடக்கும் என்று பிள்ளைகளை அச்சுறுத்துவது உண்மையல்ல. ஒரு துண்டு செரிக்காவிட்டாலும் மலத்தோடு வெளியேறிவிடும். ஆனால் 1998இல் புளோரிடா மருத்துவர்கள், தினமும் ஐந்து முதல் ஏழு துண்டு விழுங்கிவந்த நான்கு வயதுச் சிறுவன் உட்பட மூன்று குழந்தைகளின் உடலிலிருந்து இறுகிய கம் கட்டியை எடுத்தார்கள். துப்பத் தெரியாத வயதுக் குழந்தைக்குக் கம் கொடுக்கக் கூடாது.

இப்போது எழுந்துள்ள கேள்விகள் வேறு வகையானவை. வெண்மைக்காகச் சேர்த்த டைட்டானியம் டை ஆக்சைடைப் பாதுகாப்பானது என்று இனிக் கருத முடியாது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் கூற, மறு ஆண்டே ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் தடைசெய்தது. அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயப் பட்டியலில் 2023இல் சேர்க்கப்பட்டது; அன்றாட அளவு வரம்பு மட்டும் மாறவில்லை. கிலோ எடைக்கு 40 மில்லிகிராம் என்ற அந்த வரம்பைக் கம்மால் மட்டும் எட்டுவது நடவாதது. 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 30 கிராம் சைலிட்டால் கலந்த பானம் இரத்தத் தட்டுகளின் உறைதல் இயல்பைக் கூட்டுவதைக் கண்டார்கள். ஒரு கம் துண்டில் இருப்பது ஏறத்தாழ ஒரு கிராம். நாய்க்கு மட்டும் சைலிட்டால் சிறிதளவே கொடிய நஞ்சு. நாய் வளர்க்கும் வீட்டில் இந்தக் கம் எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிக்கிளின் இடத்தைப் பாலிவினைல் அசிடேட், பியூட்டைல் ரப்பர் போன்ற செயற்கைப் பலபடிகள் பிடித்துக்கொண்டன. சிக்லேரோக்களின் தொழில் சுருங்கியது. அவர்களின் கூட்டுறவுகள் இன்று சிறிய அளவில் இயற்கைக் கம் செய்து விற்கின்றன. ஒரு கிராம் கம்மிலிருந்து சராசரியாக 100 நுண்நெகிழித் துகள்கள் உமிழ்நீரில் உதிர்வதாகக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் அறிவித்தார்கள். இயற்கைப் பிசின் கம்மிலும் அவை இருந்தன. அவற்றால் உடலுக்கு என்ன ஆகும் என்பது இனிமேல்தான் ஆராயப்பட வேண்டும். இதற்கிடையே, உறையின் பின்புறத்தில் இனிப்பு, நிறம், மணம் ஒவ்வொன்றும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்க, மெல்லப்படும் அந்தப் பிசின் எவற்றால் ஆனது என்பது மட்டும் ‘கம் பேஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. நெடுநேரம் வாயில் கிடக்கும் பொருள் அது. அதன் உட்பொருள்களைப் பெயர் சொல்லி உறையில் அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் உத்தரவிட வேண்டும்.